குதிர் மூடி இறங்கவில்லை, அலுமினியம் பிளக்கிறது: தகட்டு வேலையில் எங்கே தவறு?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். விதைநெல் போட்டு வைக்க 900 மி.மீ. விட்டத்தில் மூன்று தகரக் குதிர் கேட்டிருக்கிறார்கள். 1 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. 900-ஐ 3.1416-ஆல் பெருக்கி 2827 மி.மீ. எடுத்து, இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒட்டுக்கு 25 கூட்டி வெட்டி, வளைத்து ரிவிட் அடித்தேன். மூடியின் சுற்றுப் பட்டைக்கு அதைவிட 6 மி.மீ. அதிகம் விட்டேன். இருந்தும் பட்டை குதிரின் மேல் இறங்கவில்லை. 900-க்கு வெட்டிய அடித்தட்டும் உள்ளே போகவில்லை. நெல் கொட்டும் வாய்க்கு 2 மி.மீ. அலுமினியத் தகட்டை வைஸில் ஆங்கிளோடு பிடித்து அடித்தால் மடிப்பிலேயே பிளக்கிறது. அந்தப் பயத்தில் ஜி.ஐ. தகட்டைச் சூடு காட்டி மடித்தேன், வெள்ளைப் புகை வந்தது. என்ன செய்யலாம், ஐயா?

பதில்: முதலில் அந்தப் புகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜி.ஐ. தகட்டின் மேலிருப்பது துத்தநாகப் பூச்சு. அது 420 டிகிரி வாக்கில் உருகும், இன்னும் சூடேறினால் ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பட்டறைக்காரர்கள் பலர் பனியில் நின்றதால் வந்த காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஒரு மி.மீ. ஜி.ஐ. தகட்டுக்குச் சூடே தேவையில்லை, பச்சையாகவே மடியும். சூடு காட்டிய இடத்தில் பூச்சும் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் உங்கள் பக்கத்துக் கடல் காற்றும் சேர்ந்தால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து ஜிங்க் பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள். வெல்டிங் வைத்த இடங்களுக்கும் அதேதான். வெல்டிங் வேலையைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள்.

சரி, இப்போது மூடிக்கு வருவோம். மூடி இறங்காததற்கும் அலுமினியம் பிளப்பதற்கும் காரணம் ஒன்றுதான். தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது. நீளாமலும் சுருங்காமலும் இருப்பது நடுவில் ஓடும் ஒரு கோடு மட்டும்தான். நீங்கள் வெட்டிய நீளம் அந்த நடுக்கோட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

2827 மி.மீ. வெட்டினீர்கள். நடுக்கோட்டின் விட்டம் 900 ஆனது. தகட்டுக் கனம் 1 மி.மீ. என்பதால் குதிரின் உள்விட்டம் 899, வெளிவிட்டம் 901. அதனால்தான் 900 அடித்தட்டு உள்ளே போகவில்லை. மூடிப் பட்டைக்கு 6 மி.மீ. கூட்டினீர்கள். சுற்றில் கூட்டியதை 3.14-ஆல் வகுத்தால்தான் விட்டத்தில் என்ன கூடியது என்று தெரியும்: கிட்டத்தட்ட 1.9 மி.மீ. பட்டையின் நடுவிட்டம் 901.9, கனத்தைக் கழித்தால் உள்விட்டம் 900.9. வெளிவிட்டம் 901 உள்ள குதிர் மேல் அது எப்படி இறங்கும்?

இனி இப்படிக் கணக்குப் போடுங்கள். உள்விட்டம் 900 வேண்டுமென்றால் அதோடு கனத்தைக் கூட்டி 901-ஐ 3.1416-ஆல் பெருக்குங்கள். 2830.6 வரும். குதிரின் வெளிவிட்டம் 902 ஆகும். மூடி தாராளமாக இறங்க விட்டத்தில் 3 மி.மீ. இடம் விட்டால் மூடியின் உள்விட்டம் 905, நடுவிட்டம் 906, பட்டை நீளம் 2846.3. ஒட்டுக்கு விடுவதை இதற்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள். ஒட்டு ஏறும் இடத்தில் இன்னொரு கனம் தடிக்கும் என்பதையும், ரிவிட் தலை துருத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். மூடி இறங்கும் உயரம் வரைக்கும் குதிரின் வெளிப்பக்கம் ரிவிட் தலை வராமல் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை போகும்.

குதிரின் மேல் விளிம்பில் கம்பி வைத்துச் சுருட்டுகிற பழக்கம் இருந்தால் அதற்கும் கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு தகடு அதிகம் விட வேண்டும். 4 மி.மீ. கம்பிக்கு 10 மி.மீ. விட வேண்டும். வெளிப்பக்கமாகச் சுருட்டினால் மூடி அந்தத் தடிப்பைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பக்கமும் கம்பியும் ஒரு தகட்டுக் கனமும் சேர்ந்து 5 மி.மீ. ஆகும், விட்டத்தில் 10.

அப்புறம் அலுமினியம். நீங்கள் ஆங்கிளின் கூர் முனையில் வைத்து அடிக்கிறீர்கள். மடிப்பின் உள்பக்கம் கிட்டத்தட்ட வளைவே இல்லாமல் போகிறது. அங்கே வெளித்தோல் எவ்வளவு நீள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். உள்வளைவின் ஆரம் தகட்டின் கனத்துக்குச் சமமாக இருந்தாலே வெளித்தோல் மூன்றில் ஒரு பங்கு நீள வேண்டும். ஆரம் கனத்தைப்போல் இரண்டு மடங்கானால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மூன்று மடங்கானால் ஏழில் ஒரு பங்கு. எந்த உலோகமும் ஓர் அளவுக்கு மேல் நீளாது, அதற்கு மேல் இழுத்தால் பிளந்துவிடும். கனம்தான் இங்கே அளவுகோல். தஞ்சாவூர்த் தட்டில் மெல்லிய வெள்ளித் தகட்டில் சாமி உருவத்தின் சின்னச் சின்ன மடிப்புகூடத் தெளிவாக எழும்பி நிற்கிறதே, தகடு மெல்லியதாக இருப்பதால்தான் அவ்வளவு சிறிய வளைவைத் தாங்குகிறது. அதே வளைவை உங்கள் 2 மி.மீ. தகட்டில் கேட்கக் கூடாது.

ஆகவே ஆங்கிளுக்கும் தகட்டுக்கும் நடுவில் தட்டையான இரும்புப் பட்டைக் கம்பி ஒன்றை வையுங்கள். அதன் முனையை 4 மி.மீ. ஆரத்துக்கு அரத்தால் உருட்டிக்கொள்ளுங்கள். இரும்புச் சுத்தியலால் ஒரே இடத்தில் அடிக்காமல், மரச் சுத்தியால் மடிப்பின் முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே போங்கள். வெட்டிய ஓரத்துப் பிசிரை அரம் போட்டு எடுத்துவிட்டு, பிசிர் இருந்த பக்கம் மடிப்புக்கு உள்ளே வரும்படி வையுங்கள். விரிசல் பெரும்பாலும் அந்தப் பிசிரிலிருந்துதான் கிளம்பும்.

தகட்டுக்கு ஓட்டம் ஒன்று உண்டு, மரத்துக்கு நார் இருப்பது போல. ஆலையில் உருளைக்குள் எந்தத் திசையில் ஓடியதோ அந்தத் திசை. எட்டுக்கு நாலு தகட்டில் பெரும்பாலும் எட்டடிப் பக்கம்தான் ஓட்டம். மடிப்புக் கோடு ஓட்டத்துக்குக் குறுக்கே வந்தால் தகடு தாங்கும், ஓட்டத்தோடு போனால் சீக்கிரம் பிளக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரே தகட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டுகளை, ஒன்று நீளவாக்கிலும் ஒன்று குறுக்குவாக்கிலும் வெட்டி இரண்டையும் மடித்துப் பாருங்கள். எது முதலில் கீறல் விடுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளந்தால் தகடு இறுகிய ரகம். கும்பகோணம் பக்கம் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டே போக மாட்டார்கள். தகடு இறுகியதும் உலையில் மங்கலான சிவப்புக்குக் காய்ச்சி இளக்கிவிட்டுத்தான் மறுபடி அடிப்பார்கள். அலுமினியத்தில் நிறத்தை நம்ப முடியாது. 660 டிகிரியில் உருகிவிடும், அதுவரை சிவக்காது. அதனால் மடிப்புக் கோட்டின் மேல் துணி சோப்பைத் தேய்த்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து புளோ லேம்ப்பை (தீ ஊதும் விளக்கு) நகர்த்திக்கொண்டே சூடு காட்டுங்கள். சோப்புக் கோடு கருத்ததும் நிறுத்தி ஆறவிட்டு மடியுங்கள். சூடு காட்டிய இடம் மிருதுவாகிவிடும் என்பதால், எடை தாங்கும் பாகத்துக்கு இதைச் செய்ய வேண்டாம். நெல் கொட்டும் வாய்க்குப் பாதகமில்லை.

மடித்தபின் அளவு சரியாக வர ஒரு வழி சொல்கிறேன். நான் புத்தக அட்டவணையைவிட இதைத்தான் நம்புகிறேன். சரியாக 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி, நீங்கள் வேலை செய்யப்போகும் அதே பட்டைக் கம்பியில் நடுவில் 90 டிகிரி மடியுங்கள். இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். 104.5 வந்தால், ஒவ்வொரு மடிப்புக்கும் 4.5 மி.மீ. கழித்து வெட்ட வேண்டும் என்று அர்த்தம். 2 மி.மீ. தகடு, 4 மி.மீ. ஆரம் என்றால் அதை ஒட்டித்தான் வரும். வெளி அளவில் 50, 100 கால்கள் வேண்டுமானால் 145.5 வெட்டுங்கள். அடித்து விட்டதும் தகடு ஓரிரு டிகிரி பின்னால் எழும்பும், அதனால் அந்த அளவுக்குக் கூடவே மடித்து விடுங்கள்.

ரிவிட் அடித்து வைத்திருக்கும் மூன்று மூடிப் பட்டைகளையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். மூடியின் மேல் தட்டு இன்னும் வெட்டவில்லை என்றால் காப்பாற்றிவிடலாம். ரிவிட்டைத் துளைத்து எடுத்து, 25 மி.மீ. ஒட்டை 15-க்கு இழுங்கள். சுற்றில் 10 மி.மீ. கூடும், விட்டத்தில் 3.2. பட்டையின் உள்விட்டம் 904 ஆகிவிடும், உங்கள் குதிரோ 901. பழைய துளைகளை விட்டுத் தள்ளிப் புதுத் துளை போட்டு ரிவிட் அடித்து, குதிரின் மேல் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அது சுற்றிலும் தாராளமாக இறங்கிய பிறகு, பட்டையையே தகட்டின் மேல் கவிழ்த்துக் கோடு போட்டு மேல் தட்டை வெட்டுங்கள்.