பத்து வயது லேப்டாப், விண்டோஸ் 10: இனி என்ன செய்வது?

கேள்வி: 2014-இல் வாங்கிய லேப்டாப். கோர் ஐ5 4210யு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் வேலைக்கு வரவே ஐந்து நிமிஷம் ஆகிறது. விண்டோஸ் 11 ஏற்றப் பார்த்தால் உங்கள் கணினி தகுதி பெறாது என்கிறது. ஏதாவது வழி உண்டா, லினக்ஸுக்குப் போவதா, புதிதே வாங்கிவிடுவதா?

பதில்:

புதிது வாங்க வேண்டாம். அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள், அதன்பிறகு எந்த ஓஎஸ் (விண்டோஸா, லினக்ஸா) என்று யோசிக்கலாம். இந்த வரிசையை மாற்றினால் எதை ஏற்றினாலும் அதே ஐந்து நிமிஷம்தான்.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே பார்க்கலாம். ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100-இல் முட்டிக்கொண்டு நிற்கும். நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றும் லேப்டாப் டிஸ்க், சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடிப் படிக்கும்போது நொடிக்கு 1 எம்பி தேறினாலே அதிகம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையை இருபது முப்பது மடங்கு வேகத்தில் முடிக்கும். உங்கள் ஐ5-க்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

கழற்றிய பழைய டிஸ்கை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். புதியது சரிப்படவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் திரும்ப மாட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய டிஸ்கின் மேலேயே ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அதுவும் பத்து வருஷம் ஓடிய டிஸ்க் என்றால், அப்கிரேடு பாதியில் இருக்கும்போது படுத்துவிடுவது ஒன்றும் அபூர்வமில்லை. மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதுவதும் படிப்பதும் அதற்குப் பெரிய சுமை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் வேறு எதையும் செய்யுமுன் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

என்ன வாங்குவது: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன். 240 ஜிபி போதும், 500 கிடைத்தால் நிம்மதி. கடையில் என்விஎம்இ (இன்னும் வேகமான, குச்சி வடிவ எஸ்எஸ்டி) நல்லது என்று எடுத்து நீட்டுவார்கள். நல்லதுதான், ஆனால் இந்தக் காலத்து லேப்டாப்பில் அதற்கு இடம் இருப்பது அரிது. கூடவே ஒரு யுஎஸ்பி–சாட்டா கேஸும் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய டிஸ்கை அதில் போட்டால் பென் டிரைவ் மாதிரி செருகிக்கொள்ளலாம்.

ராமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் பிராசஸருக்கு வேண்டியது டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட்டில் ஓடுவது. லேபிளில் பிசி3எல்-12800 என்றிருக்கும். அந்த ‘எல்’ இல்லாத 1.5 வோல்ட் குச்சி அதே 204 பின்னோடு அழகாக உள்ளே உட்கார்ந்துவிடும். ஆன் செய்தால் கறுப்புத் திரைதான். கடைக்குப் போகும்முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்று பாருங்கள். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி போதும்.

மாட்டும்போது அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். உள்ளேயே இருக்கும் வகை என்றால் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மேல் பக்கத்து பிளாஸ்டிக்கில் கொப்புளம் வந்துவிடும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றியதை அந்தந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டிக்கொண்டே வாருங்கள். பழைய டிஸ்கைச் சுற்றியிருக்கும் தகடு எஸ்எஸ்டிக்கும் வேண்டும், டிஸ்கோடு சேர்த்து ஓரங்கட்டிவிடாதீர்கள். திறந்ததோடு திறந்ததாக அந்தச் சிஆர்2032 பட்டன் செல்லையும் மாற்றிவிடலாம். ஒவ்வொரு முறை பேட்டரி இறங்கும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது, அப்டேட் நகர மறுக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தச் செல்தான் காரணம்.

டிஸ்கைக் கழற்றும் முன், பழைய விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் முதலாவது. அவை அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. பிறகு டிஸ்கிலிருந்து ஃபோல்டரை நகலெடுத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. சிங்க் செய்யுங்கள், அல்லது எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டிரைவில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கப் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அமைப்புகளில் அபௌட் பக்கத்தைத் திறந்து எந்த எடிஷன் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்ற லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருக்கும். பின்னால் வெறும் ஹோமோ புரோவோ ஏற்றினால் ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும்.

தமிழில் டைப் செய்பவர்கள் ஃபான்ட்டை மறந்துவிட்டு அப்புறம் அலைவார்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் இருக்கிறது, அங்கிருந்து தனியே எடுத்து வையுங்கள். லதா எழுத்துருவும் விண்டோஸ் 10 வந்ததிலிருந்து தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் போய்த் தமிழுக்கான துணை எழுத்துருக்களைக் கேட்டு இறக்க வேண்டும். இதைச் செய்யாததால், பழைய லதா கோப்புகளில் பக்கமும் வரியும் கலைந்து நிற்பதைப் பார்த்து அப்கிரேடைத் திட்டுபவர்கள் உண்டு.

இனி எந்த ஓஎஸ். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குக் காசு இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். மூச்சு வாங்க நேரம் வேண்டும் என்றால் மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசர், யூடியூப், மெயில், கடிதம் அடிப்பது, ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் என் ஓட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், மற்றவற்றைவிட இலகுவானது. 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. டேலி, டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையொப்பச் சாவி), விண்டோஸுக்கு மட்டுமே வரும் அலுவலகச் செயலி என்று ஏதாவது கட்டாயம் இருந்தால் விண்டோஸ் 11. லினக்ஸுக்குள் வைன் (விண்டோஸ் செயலிகளை அங்கே ஓட்டும் மென்பொருள்) போட்டு டேலியை ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கிற நேரத்தில் அந்தப் பரிசோதனை எதற்கு?

விண்டோஸ் 11 உங்கள் கணினியை ஏன் மறுக்கிறது என்றால், அது கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் வசதி), இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். உங்களுடையது நான்காம் தலைமுறை. இது பெரும்பாலும் கொள்கைத் தடைதான், உள்ளே போய்விட்டால் ஓடும். நிஜமாகவே ஓடாத கணினிகளும் உண்டு. 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட், எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைகள் பிராசஸரில் இருந்தாக வேண்டும். கோர் 2 டுவோ காலத்து இயந்திரங்களுக்கு அவை முழுமையாக இல்லை, எந்தக் குறுக்குவழியும் அங்கே எடுபடாது.

வழி இது. பழைய டிஸ்கைக் கழற்றும் முன்பே, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் கோப்பை, இறக்குங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் ‘லைட்’ பதிப்புகள் பக்கமே போகாதீர்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. 16 ஜிபி பென் டிரைவைச் செருகி, ரூஃபஸ் என்ற இலவசச் செயலியைத் திறந்து, ஐஎஸ்ஓவைக் காட்டி, பார்ட்டிஷன் முறை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ என்று வையுங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு பெட்டி வரும். 4 ஜிபி ராம், செக்யூர் பூட், டிபிஎம் நிபந்தனைகளை நீக்கு என்பதில் டிக். உள்ளூர்க் கணக்கு உருவாக்கு என்பதில் டிக். பிட்லாக்கரின் தானியங்கிப் பூட்டை நிறுத்து என்பதிலும் டிக். கடைசியதை விட்டுவிட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்ளலாம், மீட்பு எண் எங்கே என்று பிறகு தேட வேண்டிவரும்.

எஸ்எஸ்டி மாட்டிய லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி பூட் மெனுவுக்கு (எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியலுக்கு) போங்கள். டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசரில் எஃப்12 தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்) அதை இயக்கிவைக்க வேண்டியிருக்கும். பென் டிரைவ் பட்டியலில் வராவிட்டால் பயாஸில் பூட் மோடு யூஇஎஃப்ஐயா என்று பாருங்கள். வந்தும் சிவப்பாக ஏதாவது திட்டினால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். நிறுவி முடியும்வரை நெட்டை இணைக்காதீர்கள், உள்ளூர்க் கணக்கு அப்போதுதான் சிக்கலில்லாமல் உருவாகும். ப்ராடக்ட் கீ கேட்டால் இல்லை என்று சொல்லித் தாண்டுங்கள். விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருக்கும், அதே எடிஷனை ஏற்றி நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

முதல் முறை திறந்ததும் வைஃபை இல்லை என்றால் பதறாதீர்கள். மொபைலை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும், விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் டிரைவர்கள் பகுதியிலிருந்து மீதியை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 11-க்கென்று தனி டிரைவர் கிடையாது. விண்டோஸ் 10 டிரைவரே வேலை செய்யும். எல்லாம் சரியாக இருந்தும் இழுப்பதுபோல் தெரிந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏழாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் அதற்கு வன்பொருள் துணை இல்லாததால் பளு கூடும். நிறுத்தினால் வேகம் வரும், ஒரு பாதுகாப்பு அடுக்கு போகும். பேங்க் வேலை செய்யும் கணினி என்றால் நான் அதை நிறுத்த மாட்டேன்.

இன்னொரு விலையும் உண்டு. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இப்படி ஏற்றியதிலும் பொதுவாக வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. புதிய ஐஎஸ்ஓ, திரும்ப ரூஃபஸ், விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை இயக்கிக் கோப்புகளை வைத்துக்கொள் என்று தேர்வது, இதை நீங்களே செய்ய வேண்டும். அலுப்பு என்பவர்கள் மின்ட் பக்கமே போகலாம்.

மின்ட்டில் ஒரு சௌகரியம், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். சும்மா டெஸ்க்டாப்பைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, திரை வெளிச்சப் பொத்தான், மூடித் திறந்தால் விழிக்கிறதா, ஐந்தையும் பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் என்றால் முதலில் வேலை செய்யாது. மொபைல் டெதரிங்கில் டிரைவர் மேனேஜரைத் திறந்து அதற்கான டிரைவரைத் தேர்ந்தால் சரியாகும். பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் தொல்லையில்லை. நம் ஊர் ஜெராக்ஸ் கடையெல்லாம் வைத்திருக்கும் கேனான் எல்பிபி 2900 வீட்டில் இருந்தால் யோசியுங்கள். அது கேப்ட் என்ற தனிப் பாஷை பேசுவது, லினக்ஸில் அதை மசியவைப்பது பெரும்பாடு.

தமிழ் டைப்பிங்குக்கு என்எச்எம் ரைட்டர் லினக்ஸில் இல்லை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஃபொனெடிக் இரண்டும் கிடைக்கும். விண்டோஸில் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து தமிழ்99-உம் அஞ்சலும் உள்ளேயே இருக்கின்றன. எடுத்து வைத்த பாமினியை மின்ட்டிலும் டபுள் கிளிக் செய்து நிறுவலாம், லிப்ரேஆஃபிஸ் பழைய கோப்பைச் சரியாகக் காட்டும்.

பழைய டிஸ்கை யுஎஸ்பி கேஸில் போட்டு யூசர்ஸ் ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் அனுமதி இல்லை என்று சொல்லும். கன்டினியூ அழுத்திவிட்டு விடுங்கள், கோப்புகள் நிறைய இருந்தால் பச்சைக் கோடு நகரப் பத்துப் பதினைந்து நிமிஷம்கூட ஆகும், இடையில் பிடுங்க வேண்டாம். வேண்டியதை நகலெடுத்த பிறகும் மூன்று மாதமாவது அந்த டிஸ்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். ஜூலையில் வருமான வரி தாக்கல் செய்யும்போதுதான் போன வருஷத்து ஃபைல் எங்கே என்று ஞாபகம் வரும்.