கம்பி வீல் எம்ஜிபி காருக்கு எந்த டயர்?

கேள்வி: என்னிடம் 1971ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறந்த, பழைய பிரிட்டிஷ் கார்) இருக்கிறது, கம்பி வீல்கள் கொண்டது. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரையிலும், மாதம் ஒருமுறை கடலூருக்கும் ஓட்டிச் செல்வேன். டயரில் பட்டன் (சாலையைத் தொடும், பள்ளமும் மேடுமான ரப்பர்) முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஆனாலும் மழையில் வண்டி வழுக்குகிறது. 195/60 ஆர் 14 அளவில் அகலமான, மென்மையான ரப்பர் கொண்ட டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம். டயரை மாற்றத்தான் வேண்டும், அதையும் வரும் மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆனால் உங்கள் வண்டியின் குறை அகலத்தில் இல்லை, டயரின் வயதில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் டயரின் பக்கவாட்டுச் சுவரில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசியில், சிறிய நீள்வட்டத்துக்குள் 3409 என்ற எண் தெரிகிறது. 2009ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் அது தயாரிக்கப்பட்டது என்று பொருள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அந்த டயர் தொழிற்சாலையின் வார்ப்பு அச்சிலிருந்து வெளிவந்துவிட்டது. பட்டன் எவ்வளவு மீதம் இருந்தாலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைக் கழற்றிவிட வேண்டும் என்பதே டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கவும் சொல்கிறார்கள். நம்மைப் போல வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்த ஊரில் இருப்பவர்கள் ஆறு அல்லது ஏழு ஆண்டுகளிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெப்பமும் பிராணவாயுவும் ரப்பரை ஆண்டுக்கு ஆண்டு இறுகச் செய்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பை வெடிக்க வைக்கிறது. ஓசோனைத் தடுக்க ரப்பரோடு கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். ஷெட்டிலேயே நிற்கும் வண்டியில் அது நடப்பதில்லை. ஆகவே குறைவாக ஓடும் டயர் தேயாமலே கெட்டுப்போகிறது. நீங்களே பார்க்கலாம்: பட்டன் ஒன்றின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்துங்கள். நல்ல ரப்பர் சற்று இடம் கொடுத்துப் பிறகு மீளும். இறுகிய ரப்பரில் நகம் வழுக்கிப் போகும். அடுத்து, வண்டியைச் சற்று முன்னே தள்ளி, தரையை ஒட்டி அழுந்தியிருந்த பக்கச் சுவரை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கோடையில் வற்றிய ஏரியின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதைப் போன்ற நுண்ணிய கீறல்கள் அங்கேதான் முதலில் தெரியும்.

இனி கடைக்காரர் சொன்ன அளவுக்கு வருவோம். 195/60 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், ரிம்மின் விட்டம் 14 அங்குலம்; 'ஆர்' ரேடியல் வகையைக் குறிக்கும். உங்கள் வண்டிக்கு உரிய 165 ரேடியல் டயரை இன்றைய குறியீட்டில் 165/80 ஆர் 14 என்று எழுதுகிறோம். அதன் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. 195/60 ஆர் 14 டயரின் விட்டமோ 590 மி.மீ. மட்டுமே. வண்டி 15 மி.மீ. கீழே இறங்கும். ஏற்கெனவே தாழ்வான வண்டி. நம் ஊர் வேகத்தடைகளில் சைலன்சர் உரசுவதை நீங்கள் அறிவீர்கள். ஸ்பீடோமீட்டரும் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ரிம். உங்கள் கம்பி வீலின் ரிம் அகலம் நாலரை அங்குலம். 195/60 டயருக்குக் குறைந்தது ஐந்தரை அங்குலம் தேவை. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச் சுவர்கள் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி புடைத்து, சாலையைத் தொடும் பரப்பு சீராக அமையாது.

அகலம் கூடினால் மழையில் பிடிப்பு கூடும் என்ற எண்ணமும் சரியன்று. ஒரே எடை, ஒரே காற்றழுத்தம் என்றால் சாலையைத் தொடும் பரப்பளவு ஏறத்தாழ மாறாது. அதன் வடிவம்தான் குறுகி நீண்டதிலிருந்து அகன்று குட்டையானதாக மாறுகிறது. அகன்ற பரப்பு முன்னால் கூடுதல் தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு டன் அளவே எடையுள்ள உங்கள் வண்டி அந்தத் தண்ணீரின் மேல் எளிதில் மிதந்துவிடும். தேங்கிய நீரில் பட்டன் வடிகாலாகப் பயன்படாத நிலையில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு, நாசாவில் விமான டயர்களை ஆராய்ந்தவர்கள் 1960களில் ஒரு கணக்கைத் தந்தார்கள்: பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவிலான காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.) அளவில் வேகம் கிடைக்கும். எம்ஜிபி கையேட்டில் முன்சக்கரத்துக்குச் சொல்லியிருக்கும் 21 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அது மணிக்கு 76 கி.மீ.; 28 பிஎஸ்ஐ என்றால் 88 கி.மீ. காருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, நல்ல பட்டன் இருந்தால் எல்லை உயரும். எனினும் ஐப்பசி மழையில் சாலையோரம் நீர் தேங்கி நிற்கும்போது 80 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவர் இந்த எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மென்மையான பந்தயவகை ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ரப்பர் சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தரும். மரக்காணம் வரை மிதமாக ஓட்டும் இலேசான வண்டியில் அந்தச் சூடு ஏறுவதில்லை. பிடிப்பு கிடைத்தாலும், அது வளைவுகளில் கம்பிகளையும் பேரிங்குகளையும் அவற்றை வடிவமைத்தவர்கள் எண்ணியிராத பளுவுக்கு உள்ளாக்கும். 1960களின் குறுகிய டயரை மனத்தில் கொண்டு அமைத்த வண்டி அது. பிடி விடப்போகிறது என்பதை ஸ்டீயரிங் வழியே முன்கூட்டியே மெல்லச் சொல்லிவிடும் அதன் நற்குணம்தான் அந்த வண்டியை ஓட்டுவதன் இன்பமே, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே என் பரிந்துரை 165/80 ஆர் 14. ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்த அளவு என்பதால் புதுச்சேரியிலும் கடலூரிலும் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். பெரும்பாலும் 85டி என்ற குறியோடு வரும்: ஒரு டயர் 515 கிலோ தாங்கும், மணிக்கு 190 கி.மீ. வரை பொறுக்கும். உங்கள் வண்டிக்கு இரண்டுமே தாராளம். சற்றுக் கூடுதல் பிடிப்பு வேண்டுமென்றால் 185/70 ஆர் 14 வரை போகலாம். அதன் விட்டம் 615 மி.மீ., நாலரை அங்குல ரிம் அதற்குக் கீழெல்லை. பின்சக்கரத்துக்கும் மட்கார்டு மடிப்புக்கும் உள்ள இடைவெளியை இரு புறமும் அளந்த பிறகே வாங்குங்கள்; பல எம்ஜிபிகளில் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய கார்களுக்கென்றே இன்றும் தயாராகும் மிஷ்லன் எக்ஸ்ஏஎஸ், பிரெல்லி சிந்துராத்தோ போன்றவை அருமையானவை. ஆனால் 2020 ஜூன் முதல் புதிய டயர் இறக்குமதிக்கு அரசின் உரிமம் தேவைப்படுவதால் அவற்றுக்காகக் காத்திருந்து மழைக்காலத்தைப் பழைய டயரில் கழிப்பது சரியாகாது.

கடையில் முதலில் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்டதை ஏற்க வேண்டாம். நீள்வாக்கில் ஆழமான மூன்று நான்கு பள்ளங்கள் உள்ள பட்டனைத் தேர்ந்தெடுங்கள். கம்பி வீலில் கம்பி முனைகள் ரிம்முக்குள் வருவதால் காற்று நிற்காது; டியூப்லெஸ் டயரானாலும் உள்ளே ரேடியலுக்குரிய டியூப் போட வேண்டும். ரிம்மின் உட்புறம் புதிய ரிம் டேப் சுற்றச் சொல்லுங்கள். டயரின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் காகித வில்லையை உரித்து, டால்கம் பவுடர் தூவிய பிறகே டியூபை வைக்க வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் அந்த வில்லையை உரிக்காமல் டியூப் போட்டுவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. சித்திரை வெயிலில் கனகசெட்டிக்குளம் அருகே டயர் திடீரென்று இறங்கியது. கழற்றிப் பார்த்தபோது டியூபில் வில்லையின் அதே நீள்சதுர வடிவில் ரப்பர் தேய்ந்து, ஒரு மூலை கிழிந்திருந்தது.

டயர் ஏற்றுவதற்கு முன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி தருவது தளர்ந்த கம்பி. கோட்டம் எடுத்த பிறகே பேலன்ஸ் செய்ய வேண்டும். வீலின் நடுத்துளைக்கு இரு புறமும் கூம்பு வைத்துப் பிடிக்கும் இயந்திரம் உள்ள கடையே இதற்கு உதவும்.

காற்றை 26 முன்னும் 28 பின்னுமாக, டயர் குளிர்ந்திருக்கும் காலையில் நிரப்பித் தொடங்குங்கள். பெட்ரோல் பங்கில் வழக்கமாக ஏற்றும் 32 இந்த எடைக்கு மிகுதி, வண்டி துள்ளும். முதல் 150 கி.மீ. வரை மெதுவாக ஓட்டுங்கள். வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு நீங்க அவ்வளவு தூரம் ஆகும். நான்கு அல்ல, ஐந்து டயர்களாக வாங்குங்கள். 2009ஆம் ஆண்டு டயர்களில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்திருந்தால், நடுவழியில் பஞ்சரான நாளில் அதில்தான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.