ஊழியர் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை தரும் அறக்கட்டளை: பதிவு ஏன் நிற்கிறது?

தடங்கல் கல்வி என்ற நோக்கத்தில் இல்லை, யாருக்கு என்பதில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி ஒரே நிறுவன ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் படிப்புதவி தரும் அறக்கட்டளை பொதுநன்மைச் சோதனையில் தேறாது; அதாவது, பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதிக்கோ பயன் தர வேண்டும் என்ற நிபந்தனையை அது நிறைவேற்றாது.

காரணம் பெரும்பாலும் இதுதான்: பயனாளிகளை இணைப்பது வேலை உறவு. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் பொதுமக்களின் ஒரு பகுதியாகக் கருதப்பட மாட்டார்கள். 1951-இல் ஓப்பன்ஹைம் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அப்படித்தான் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஊழியர்களே 1,10,000-க்கும் மேல்! 2011-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டமும் (Charities Act), நல்ல நோக்கம் என்பதாலேயே பொதுநன்மை இருப்பதாக அனுமானிக்க விடுவதில்லை.

சரி, அறக்கட்டளைப் பத்திரத்தில் பயனாளிகள் பற்றிய பிரிவை எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தோடு தொடர்பே இல்லாத மாணவர் விண்ணப்பிக்க முடியுமா? முடியாதென்றால் வட்டாரம் அல்லது படிப்புத் துறையை வைத்து வரையறையை மாற்றி எழுதுங்கள். 'ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை' என்று மட்டும் சேர்த்து ஒட்டுப்போட வேண்டாம், அதே கேள்வி திரும்பவும் வரலாம்.

ஒரு விலக்கு உண்டு. நோக்கம் வறுமையைப் போக்குவது என்றால், ஒரே நிறுவனத்தின் ஏழை ஊழியர்களுக்கான நிதியும் அறக்கட்டளையாகச் செல்லுபடியாகும் என்று 1972-இல் டிங்கிள் வழக்கில் ஏற்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் வேறு, அங்கே பதிவு செய்வதாக இருந்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.