ஸ்னைடரின் 215 வெற்றிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பில் ஸ்னைடர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு டிரா என்ற கணக்கைச் சொல்லி அவரை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மாபெரும் பயிற்சியாளர்களில் ஒருவர் என்கிறீர்கள். ஆனால் அவர் பயிற்சியளித்த கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் நோஞ்சான் அணிகளாகப் பார்த்து அழைத்துவந்து அடித்தது. 1998இல் இந்தியானா ஸ்டேட்டை 66-0, நார்தர்ன் இல்லினாயை 73-7. எதிரணியின் பலத்தைப் பார்க்காமல் இதையெல்லாம் வெற்றி என்று எண்ணலாமா?

ர., டல்லாஸ்

அன்புள்ள ர.,

அந்த ஆட்டங்களைப் பற்றி நான் எழுதாமல் விட்டது தவறு. சரி, அவற்றை நீக்கிவிட்டே பார்ப்போம். 1998இன் வழக்கமான சீசனில் லீக்குக்கு வெளியே ஆடியவை மூன்று. மூன்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் எட்டு லீக் ஆட்டங்கள், எட்டிலும் வெற்றி. அதில் ஒன்று நெப்ராஸ்காவுக்கு எதிராக 40-30. முந்தைய ஆண்டு 13 ஆட்டங்களிலும் ஜெயித்துத் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அணி அது. 1968க்குப் பிறகு அதுவரை கன்சாஸ் ஸ்டேட் அதை வென்றதே இல்லை.

எதிரணியின் பலம் முக்கியம் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அதை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல். தேசியப் பட்டத்துக்கு மோதும் இரு அணிகளைத் தேர்ந்தெடுக்க அப்போது பயன்பட்ட பிசிஎஸ் தரவரிசையின் முதல் ஆண்டுகளில் எதிரணிகளின் வெற்றிக் கணக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிரணிகள் ஆடிய அணிகளின் கணக்குக்கு ஒரு பங்கு என்று வைத்தார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் லீக்குக்குள் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆகவேண்டும். மொத்தத்தில் அது எப்போதும் பாதிக்குப் பாதிதான். ஒரு லீக்கின் கணக்கு அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் வெளி ஆட்டங்களில் ஜெயித்தால்தான் முடியும். அப்படியானால் எல்லா அணிகளும் ஆளுக்கு மூன்று எளிய அணிகளை அழைத்து அடித்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் எதிரணி பலமாகத் தெரியும்! நீங்கள் குறை சொல்லும் அதே நோஞ்சான் ஆட்டங்கள்தான் கன்சாஸ் ஸ்டேட்டோடு ஆடியவர்களின் அட்டவணையைக் கடினமாகக் காட்டியிருக்கும். அந்த மூன்றில் ஒரு பங்கு இதைக் கொஞ்சம் சரிக்கட்டும், முழுதாக அல்ல.

இதே அட்டவணையைச் சராசரியான ஓர் அணியிடம் கொடுத்தால் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பயிற்சியாளர் என்று வரும்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது: அவர் கையில் கிடைத்த அணி எது? 1989இல் ஸ்னைடர் வந்தபோது கன்சாஸ் ஸ்டேட் தொடர்ச்சியாக 27 ஆட்டங்களில் வெற்றியே காணவில்லை. முதல்நிலைக் கல்லூரி அணிகளில் முதன்முதலாக 500 தோல்விகளைத் தொட்டதும் அதுதான். அங்கிருந்து 1997 முதல் 2003 வரையான ஏழு ஆண்டுகளில் ஆறில் குறைந்தது 11 வெற்றி. இடையில் அவர் விலகியிருந்த 2006–08இல் அதே கல்லூரி, அதே லீக்: 17 வெற்றி, 20 தோல்வி. திரும்பி வந்தவர் 2012இல் மறுபடி லீக் பட்டத்தை வாங்கிக்கொடுத்தார். இதைவிட நல்ல ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும் உதாரணமும் உண்டு. 2017இல் சின்ன லீக்கில் ஆடிய சென்ட்ரல் புளோரிடா அணியை 13 ஆட்டங்களிலும் ஜெயிக்கவைத்த பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட், நெப்ராஸ்காவுக்கு மாறிய பிறகு 16 வெற்றி, 31 தோல்வியோடு வெளியேறினார். ஆனால் அதேபோல் சின்ன லீக்கில் ஆடிய பாய்ஸி ஸ்டேட்டில் 92 வெற்றி, 12 தோல்வி என்று கணக்கு வைத்த கிறிஸ் பீட்டர்சன் வாஷிங்டனுக்குப் போய் 2016இல் அந்த அணியைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். சின்ன லீக்கில் எடுத்த கணக்கை வைத்து இருவரில் யார் நிலைப்பார் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அங்கே நானும் தயங்குவேன்.

ஸ்னைடரிடம் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. 1989 செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்சஸுக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி முயற்சியில் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் எடுத்து 20-17 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் வேறு வெற்றியே இல்லை, 10 தோல்வி. நார்த் டெக்சஸ் அப்போது ஒரு படி கீழே ஆடிய அணி. உங்கள் கணக்குப்படி அந்த வெற்றியையும் அடித்துவிட வேண்டும். 1986 அக்டோபருக்குப் பிறகு அந்த மைதானம் ஒரு வெற்றியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. நான் அதை அடிக்க மாட்டேன்.