சிசேரியன் தழும்பில் ஒட்டிய கரு: ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: டாக்டர், முதல் குழந்தை சிசேரியன். இப்போது ஏழு வாரம். கரு பழைய தையலில் ஒட்டியிருக்கிறது, கலைத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறதே?

பதில்: துடிப்பைக் கேட்ட பிறகு இந்தப் பேச்சைக் கேட்பது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும் அம்மா. குறை கருவில் இல்லை, அது ஒட்டிய இடத்தில் இருக்கிறது. அறுத்துத் தைத்த இடத்தில் தசை மெலிந்து சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். கரு அதற்குள் போய்விட்டது. அங்கே கருவுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் தசைதான் மிச்சம். கரு வளர வளர அது கிழியலாம். கிழியாமல் தப்பினாலும் நஞ்சுக்கொடி தசைக்குள் வேர்விட்டு, பிரசவத்தில் பிரிய மறுக்கும். ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதலும் வளரவிட்டுப் பார்ப்பதை ஆதரிக்கவில்லை.

கேள்வி: ஸ்கேன் தவறாக இருக்காதா?

பதில்: இருக்கலாம். இறங்கிக்கொண்டிருக்கும் கருச்சிதைவும் இதே இடத்தில் தெரியும். ஆனால் அந்தப் பை லேசாக அழுத்தினால் நகரும், சுற்றி ரத்த ஓட்டமும் இருக்காது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன்தான் தெளிவு. கர்ப்பப்பையின் உள்ளறையும் வாயும் காலியா, மிச்சத் தசை எத்தனை மில்லிமீட்டர், டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி என்று கேளுங்கள். ஆறு, ஏழு வாரத்தில் பார்ப்பது நல்லது. அப்புறம் பை மேல்நோக்கி வளர்ந்து, சாதாரணக் கர்ப்பம் போலவே தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: மனைவிக்கு இரண்டு சிசேரியன். நாள் தள்ளியிருக்கிறது, இப்போது குழந்தை வேண்டாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தரலாமா சார்?

பதில்: தயவுசெய்து வேண்டாம் தம்பி. கரு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. தழும்பில் இருந்தால் அது முழுதாக வெளியேறாது, ரத்தப்போக்கு மட்டும் நிற்காமல் போகலாம். மாத்திரை போட்டால் ரத்தம் போவது இயல்புதானே என்று வீட்டிலேயே காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. முதலில் ஸ்கேன், மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: ஒரு ஊசி போட்டால் கரைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைச் சொல்கிறார்கள். கையிலோ இடுப்பிலோ அதை மட்டும் போட்டு விடுவது பலருக்குப் போதாமல் போகிறது. ஸ்கேனில் பார்த்தபடி, கரு இருக்கும் சின்னப் பைக்குள்ளேயே செலுத்துவது வேறு. அது பலன் தரும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுப்பதும், சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கருவை அகற்றி மெலிந்த இடத்தைச் சேர்த்துத் தைப்பதும் நல்ல வழிகள். ஸ்கேன் இல்லாமல் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி மட்டும் கூடாது, அந்தச் சுவர் தாங்காது. எந்த முறையானாலும் ரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனையாக இருக்கட்டும்.

கேள்வி: கணவர் துபாயில். மாமியார் சம்மதிக்கவில்லை. யார் கையெழுத்து வேண்டும்?

பதில்: உங்கள் கையெழுத்து போதும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு நம் நாட்டுச் சட்டப்படி வேறு யார் சம்மதமும் தேவையில்லை.

கேள்வி: எல்லாம் தெரிந்தும் தொடர்கிறேன் என்றால்?

பதில்: அது உங்கள் முடிவு, அதற்காக யாரும் உங்களைக் கைவிடக் கூடாது. இப்படிக் குழந்தை பெற்றவர்களும் உண்டு. ஆனால் இப்போதே பெரிய மருத்துவமனையில் பதியுங்கள். 34, 35 வாரத்திலேயே சிசேரியன் திட்டமிடுவார்கள், கர்ப்பப்பையை எடுக்கவும் தயாராகவே இருப்பார்கள்.

கேள்வி: கிராமத்துச் செவிலியர் நான். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இது உங்கள் வாசலுக்கும் வரும் சிஸ்டர். சிசேரியன் ஆனவருக்கு நாள் தள்ளினால் ஏழு வாரத்துக்குள் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். வலியே இல்லாமல் லேசாக ரத்தம் படுவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மயக்கமோ அதிக ரத்தப்போக்கோ இருந்தால் உடனே 108.

கேள்வி: மகளுக்குச் சிகிச்சை முடிந்தது. அடுத்த குழந்தை எப்போது டாக்டர்?

பதில்: கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. அளவு முழுதும் இறங்கும்வரை ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள் அம்மா. அதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு ஒரு வருடமாவது இடைவெளி விடட்டும். அதுவரை கருத்தடை வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கருவைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று இன்றே கேளுங்கள். அடுத்த முறை நாள் தள்ளியதும் ஸ்கேன் அறையில் முதல் வார்த்தையாக, போன தடவை கரு தழும்பில் இருந்தது என்று சொல்லச் சொல்லுங்கள்.