தினமும் பயிற்சி செய்தும் ஸ்டாமினா ஏறவில்லை. சாப்பாடு காரணமாக இருக்குமா?

கேட்டவருக்கு 19 வயது. பகலில் கல்லூரி, மாலையில் விளையாட்டுப் பயிற்சி, வாரத்தில் சில நாள் ஜிம். ஜங்க் ஃபுட் பக்கமே போவதில்லை என்கிறார். ஆனாலும் பாதிப் பயிற்சியிலேயே கால் கனத்துவிடுகிறதாம்.

சாப்பாடு காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் அது இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவன் நான். கண்டதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இவர்களில் குறைவு. போதாமல் சாப்பிடுகிறவர்களும் நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறவர்களும்தான் அதிகம்.

எழுந்ததும் ஒரு காபி. நேரமில்லை என்று காலைச் சாப்பாட்டுக்கு முழுக்கு. மதியம் அரட்டைக்கு நடுவே அரைகுறையாக ஏதோ கொஞ்சம். மாலை மைதானம். அப்புறம் இரவு 9 மணிக்கு மேல், நாள் முழுக்கச் சாப்பிட்டிருக்க வேண்டியதெல்லாம் ஒரே தட்டில். கூட்டிப் பார்த்தால் கலோரிக் கணக்கு சரியாகக்கூட வரும். ஓடுகிற நேரத்தில் அது உடம்பில் இல்லை, அவ்வளவுதான்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இரவில் நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதைக் கொடுத்துக் கொடுத்தே விடிவதற்குள் கல்லீரலின் இருப்பு பெருமளவு இறங்கிவிடும். தசையில் இருப்பது அந்தத் தசைக்கு மட்டும்தான் உதவும், ரத்தத்துக்குத் திரும்பி வராது. வேகமான ஓட்டத்தில் பெரும்பாலும் எரிவது இந்தச் சரக்குதான். முந்தைய நாள் செலவழித்ததை நிரப்பாமலே வந்து நின்றால் கால் எப்படி ஓடும்?

400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இது கண்ணுக்கே தெரியும். முதல் இரண்டு சுற்றை எல்லோரும் ஒன்றுபோல முடிப்பார்கள். நாலாவதில், ஒழுங்காகச் சாப்பிடாமல் வந்தவனின் தோள் காதுப் பக்கம் ஏறிவிடும். கை முன்னும் பின்னும் வீசாமல் நெஞ்சுக்குக் குறுக்கே ஆடும். பாதம் தரையை உரசும். மூச்சு மட்டும் மற்றவர்களைப் போலத்தான் வாங்கும். கேட்டால், "தெரியல சார், கால் வரமாட்டேங்குது" என்பான். ஸ்டாமினா போதவில்லை என்று அவனே முடிவுகட்டி, அடுத்த வாரம் இன்னும் கூடுதலாக ஓடுவான். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பயிற்சிக்கு 3, 4 மணி நேரம் முன்னால் வயிறாரச் சாப்பிடுங்கள். உங்களுக்கு அது மதியச் சாப்பாடு, அதை அரைகுறையாக விடாதீர்கள். ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு வாழைப்பழம் போதும். அந்த நேரத்தில் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். கொழுப்பு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், ஓடும்போது எதுக்களிக்கும். முடித்த பிறகு பசிக்கவில்லை என்று பலர் சொல்வார்கள். கடுமையாக ஓடினால் கொஞ்ச நேரத்துக்குப் பசி அடங்கிப்போவது இயல்புதான். அதை நம்பிச் சும்மா இருந்தால் இரவு 10 மணிக்கு மொத்தமாக வந்து நிற்கும். பால் மாதிரி குடிக்கிறதாகவாவது ஏதாவது உள்ளே போகட்டும்.

ஜிம் போகிறவர்களுக்குப் புரதத்தின் மேல்தான் முழுக் கவலையும். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும். பயிற்சி செய்கிறவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். 60 கிலோ எடை என்றால் குறைந்தது 84 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பயறு, மீன், இறைச்சி எது பழக்கமோ அதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் கணக்கு வந்துவிடும். பவுடர் டப்பா வாங்குவது உங்கள் இஷ்டம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டப்பாவைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போய் சாப்பாட்டை மட்டும் கூட்டாமல் விட்டால், உடம்பு மற்ற வேலைகளில் கைவைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டு எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும்; எலும்பு பலவீனமாகி விரிசல் விடும்; சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். ஆண்களுக்கும் ஹார்மோன் குறையும். எடை குறையாமலே இது நடக்கலாம் என்பதால் தராசை மட்டும் நம்பக் கூடாது. மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால், பயிற்சி செய்கிறவர்களுக்கு அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் சில வாரம் ஒழுங்குபடுத்தியும் கால் கனம் போகவில்லையா? இரும்புச்சத்தைச் சந்தேகப்படுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது சரியாக இருக்கும்போதே இரண்டாவது இறங்கியிருக்கலாம். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் அவை தடுக்கும்.