அட்டையில் வீராங்கனை: பழைய இதழ் சேர்ப்போர் கேள்விகள்

கே: விளையாட்டு வீராங்கனைகள் அட்டையில் வந்த பழைய ஆங்கில இதழ்களைச் சேர்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

ப: கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரிதான் நிறையும். ஒரு விளையாட்டு, ஒரு வீராங்கனை அல்லது ஒரு பத்தாண்டு என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். டென்னிஸ் என்றால் ஆல்தியா கிப்சன். 1957-இல் விம்பிள்டன் வென்றதும் 'டைம்' (ஆகஸ்ட் 26), 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' (செப்டம்பர் 2) இரண்டின் அட்டையிலும் வந்தார். அவற்றில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஒரே பத்திரிகையை வரிசையாகத் தேட விரும்பினால், டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1974-இல் தொடங்கிய 'விமன்ஸ்போர்ட்ஸ்' பொருத்தம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பிரியருக்கு எளிய முதல் இலக்கு உண்டு: 1976 ஆகஸ்ட் 2 தேதியிட்ட 'டைம்', 'நியூஸ்வீக்', 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' மூன்றிலும் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சிதான் அட்டை. மூன்றும் லட்சக்கணக்கில் அச்சானவை. 'அபூர்வம்' என்று யாராவது விலையை ஏற்றினால் நம்பாதீர்கள்.

கே: ஒரே இதழ் ஓரிடத்தில் மலிவு, இன்னோரிடத்தில் பல மடங்கு விலை. ஏன்?

ப: பெரும்பாலும் முகவரிச் சீட்டுதான் காரணம். சந்தாதாரருக்குத் தபாலில் போன பிரதியின் அட்டையில் அது ஒட்டியிருக்கும். கடையில் விற்ற பிரதியில் இருக்காது. சீட்டை உரித்துச் சுத்தமாக்கலாம் என்று இறங்காதீர்கள். பசையோடு அட்டையின் மையும் பளபளப்பும் சேர்ந்து வந்துவிடும். உரித்த தழும்பைவிடச் சீட்டே மேல்.

அடுத்தது, உள்ளே பக்கம் குறைவது. விளம்பரத்துக்காகவும் படத்துக்காகவும் தாளை வெட்டி எடுத்துவிடுவார்கள். நடுவில் கம்பி அடித்த இதழில் ஒரு தாளைக் கிழித்தால், அதன் மறுபாதி இதழின் இன்னொரு பக்கத்தில் பிடிமானமின்றி ஆடும். வாங்குமுன் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுக்கம்பி நான்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கங்களையும் எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பது நல்லது.

கே: எப்படிப் பாதுகாப்பது?

ப: பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்து மையில் ஒட்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று. பழைய 'லைஃப்' இதழ் ஏறக்குறைய 10½ x 14 அங்குலம் இருக்கும். சாதாரண இதழ் உறைக்குள் திணித்தால் மூலை மடங்கும், பெரிய உறையே வாங்குங்கள். பெரிய இதழ்களைப் படுக்கையாக, குட்டையான அடுக்குகளாக வையுங்கள்.

ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். அதிகமானால் கம்பி துருப்பிடித்து நடுத்தாளைத் தின்னும். வழவழப்பான தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிறகு பிரிக்க முயன்றால் அச்சே பெயர்ந்துவிடும்.

மக்கல் வாசனைக்கு மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடா. இதழ் அதைத் தொடாதபடி சில நாள் விட்டால் குறையும். பூஞ்சை உயிரோடிருந்தால் அது போதாது, அந்தப் பிரதியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

கே: சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?

ப: வண்ண நகலை மாட்டுங்கள். வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, வீராங்கனையின் முகம் நீலம் பாய்ந்துவிடும்.